பிக்கப்பில் ‘டங்’ என்று ஒரு சத்தம்: ‘கிரவுன் போச்சு’ என்று முடிவு கட்டுவதற்கு முன்

மாட்டுத்தாவணிக்குக் காய் ஏற்றி வரும் பொலேரோ பிக்கப்போ, பரவை சந்தைக்கு வெங்காயம் கொண்டு வரும் தோஸ்த்தோ, எந்த வண்டியாக இருந்தாலும் சரி, கிளம்பும்போது பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்துவிட்டால் சுற்றி நிற்கிற நாலு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ‘கிரவுன் போச்சுண்ணே.’ கிரவுன் என்பது பின் அச்சின் நடுவில், ஹவுசிங் என்கிற இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம். அந்தப் பேச்சைக் கேட்டு ஹவுசிங்கைப் பிரித்து, புது கிரவுன் பினியன் செட் வாங்கிப் போட்டு, இரண்டு மூன்று நாள் வாடகையையும் இழந்து வண்டியை வெளியே எடுத்தால், அதே ‘டங்’. ஏனென்றால் தேய்ந்திருந்தது கிரவுன் இல்லை. கிரவுன் செட்டின் விலையில் சின்னப் பங்குகூட வராத ஒரு கிராஸ், அதாவது வண்டியின் அடியில் சுற்றும் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்ன இணைப்பு. சில வண்டிகளில் வெறும் கிரீஸ் இல்லாமைதான் காரணம்.

தவணை கட்டி ஓட்டுகிற வண்டிக்காரருக்கு இது சின்ன இழப்பு இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நீங்களே பிரித்துப் பூட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. சத்தம் எப்படி உண்டாகிறது, எந்த நேரத்தில் வருகிறது, எதைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பட்டறையில் நின்று சரியான கேள்வியைக் கேட்கலாம், தேவையில்லாத பொருளை மாற்றவிடாமல் தடுக்கலாம்.

இங்கே பேசப்போவது எஞ்சின் முன்னால் இருந்து பின் சக்கரம் இழுக்கிற வண்டிகளைப் பற்றி. நம் பக்கம் சரக்கு ஏற்றும் பிக்கப்புகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

சத்தம் எப்படி உண்டாகிறது

உசிலம்பட்டிப் பக்கம் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டரையும் டிரெய்லரையும் கவனித்திருப்பீர்கள். டிராக்டரின் பின்னால் உள்ள கொக்கியில் டிரெய்லரின் இழுகம்பியை வைத்து, ஓட்டையில் ஒரு பின்னைச் செருகியிருப்பார்கள். அந்தப் பின்னைவிட ஓட்டை கொஞ்சம் பெரிது. பெரிதாக இல்லாவிட்டால் திரும்பவே முடியாது. டிராக்டர் கிளம்பும்போது முதலில் அந்த இடைவெளிதான் மூடும், அப்போது ‘டங்’. அதற்குப் பிறகு ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகிறவரை சத்தமே இருக்காது, ஓட்டையின் ஒரு பக்கத்தை அந்தப் பின் அழுத்திக்கொண்டே போகும். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் டிரெய்லர் தன் பாரத்தால் டிராக்டரை முன்னே தள்ளும். அப்போது செருகியிருக்கும் பின், ஓட்டையின் அந்தப் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து இடிக்கும். மறுபடி ‘டங்’. பின்னும் ஓட்டையும் தேயத் தேய இடைவெளி கூடும், இடிக்கிற வேகமும் கூடும், சத்தமும் பெரிதாகும்.

உங்கள் பிக்கப்பின் அடியில் நடப்பது இதேதான். சத்தம் வர இரண்டு விஷயங்கள் ஒன்று சேர வேண்டும். ஒன்று, இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி. பட்டறையில் இதை ‘பிளே’ என்பார்கள், ஆட்டம் என்றும் சொல்வார்கள், நான் ஆட்டம் என்றே எழுதுகிறேன். இரண்டாவது, சுழற்றும் விசை திசை மாறுவது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. காலை எடுத்தால் ஓடுகிற வண்டியின் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. அந்த மாற்றத்தின்போது எல்லா இடைவெளியும் ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடும்.

ஆக, ஆட்டம் மட்டும் இருந்தால் சத்தம் வராது, விசையின் திசையும் மாற வேண்டும். ஒரே சீராக 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சத்தமில்லாமலும், காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் ‘டங்’ என்றும் வந்தால், விசை கடத்தும் பாதையில் எங்கேயோ ஆட்டம் இருக்கிறது என்று பொருள்.

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை

எஞ்சினின் சுழற்சி முதலில் கிளட்ச், அடுத்து கியர் பாக்ஸ். அங்கிருந்து வண்டியின் அடியில் நீளமாக ஓடுகிற குழாய் வழியாகப் பின்னால் போகிறது. அதுதான் ஜாயிண்ட் ஷாஃப்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றும் சொல்வார்கள். நீளமான வண்டிகளில் இது இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் ரப்பருக்குள் உட்கார்ந்த ஒரு பேரிங் அதைத் தாங்கும், அது சென்டர் பேரிங். ஷாஃப்டின் முனைகளில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும், அதன் நாலு முனையிலும் ஊசி ஊசியான உருளைகள் கொண்ட சின்ன பேரிங் கப்புகள். இதுதான் கிராஸ். பின் அச்சு மேலும் கீழும் ஏறி இறங்கினாலும், வளைந்த கோணத்திலேயே சுழற்சியைக் கடத்துவது இதன் வேலை.

ஷாஃப்ட் போய்ச் சேருமிடம் பின் அச்சின் நடுவில் இருக்கிற உருண்டையான ஹவுசிங். உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம், அது பினியன். அது பெரிய பல்சக்கரமான கிரவுனைச் சுற்றும். இரண்டும் சேர்ந்து சுழற்சியை 90 டிகிரி திருப்பி, வேகத்தைக் குறைத்து, இரண்டு சக்கரத்துக்கும் அனுப்புகின்றன. கிரவுனோடு சேர்ந்து சுற்றுகிற கூட்டுக்குள் இன்னும் சில சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. திருப்பத்தில் இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுவது அவைதான். அங்கிருந்து ஆக்சில் ஷாஃப்ட் வழியாகச் சக்கரம்.

இதில் எத்தனை இடத்தில் இடைவெளி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கியர் பற்களுக்கு இடையே, ஷாஃப்டின் வரிப்பற்களில் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நீளவாட்டுப் பற்கள்), கிராஸ் கப்புகளில், பினியனுக்கும் கிரவுனுக்கும் இடையே, உள்ளே இருக்கும் சின்னச் சக்கரங்களில், ஆக்சில் முனையில். எல்லா இடத்திலும் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. கிராஸில் கையால் உணரும்படி ஆட்டம் இருக்கவே கூடாது. ஆனால் கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே புதிய வண்டியிலேயே வேண்டுமென்றே இடைவெளி விட்டுத்தான் பூட்டுவார்கள், பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்கிற அளவில். அது இல்லாவிட்டால் பற்களுக்கு நடுவே எண்ணெய் நிற்காது, சூட்டில் இரும்பு விரிந்து இறுகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டி, ‘பாருங்க, ஆடுது, கிரவுன் போச்சு’ என்று சொல்லும்போதுதான் பாதித் தவறு நடக்கிறது.

முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மட்டும் ஏன் அவ்வளவு சத்தம்

ஒரு சின்னக் கணக்கு. 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். முறுக்குவிசை என்றால் ஒரு தண்டைச் சுழற்றுகிற பலம். முதல் கியரின் விகிதம் 4 என்றால் ஷாஃப்டுக்கு வந்து சேருவது ஏறக்குறைய 800. நாலாவது கியரில் விகிதம் 1 என்றால் அதே எஞ்சின் ஷாஃப்டுக்குத் தருவது 200 தான். ஒரே இடைவெளி, ஆனால் முதல் கியரில் நாலு மடங்கு பலத்தோடு மூடுகிறது. ரிவர்ஸின் விகிதமும் முதல் கியருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால்தான் சந்தையில் முன்னே பின்னே எடுத்து ஒதுக்கும்போது ‘டங் டங்’ என்று கேட்கிற வண்டி, ரிங் ரோட்டில் ஏறியதும் அமைதியாகிவிடுகிறது. அமைதியானதால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

கிளட்சை வெடுக்கென்று விடுகிற கால் பழக்கமும் இதே விளைவைத் தரும். நல்ல நிலையில் இருக்கிற டீசல் பிக்கப்பில்கூடக் கிளட்சைச் சட்டென்று விட்டால் மெல்லிய ஒரு ‘டொக்’ கேட்கும், அது கோளாறு இல்லை. நிதானமாக விட்டாலும் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காது காட்டும் இடம் சரியான இடம் அல்ல

பின்னால் கேட்கிறது, அதனால் பின்னால்தான் கோளாறு என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஷாஃப்ட் என்பது உள்ளே காலியான எஃகுக் குழாய். முன் முனையில் அடித்தால் பின் முனையில் கேட்கும். ஹவுசிங்கும் உள்ளே பெரிய இடம் கொண்ட இரும்புக் கூடு, அதிர்வு அங்கே போய்ச் சேர்ந்து பெரிதாக ஒலிக்கும். மேலே காலியான லோடு பாடி வேறு. கியர் பாக்ஸை ஒட்டி இருக்கிற கிராஸ் தேய்ந்திருந்தாலும், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் ஹவுசிங்கிலிருந்து வருவது போலத்தான் இருக்கும்.

இன்னொன்று, ஆட்டங்கள் ஒன்றோடொன்று கூடும். நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருந்தால், எதுவுமே தனியாகப் பார்த்தால் மோசமில்லாமல் இருக்கும், மொத்தமாகச் சேர்ந்து பெரிய ‘டங்’ ஆகும். ஓடிக் களைத்த வண்டியில் ஒரு பொருளை மாற்றியதும் சத்தம் பாதியாகக் குறைந்து, முழுவதும் போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அதற்காக மெக்கானிக்கைச் சந்தேகப்படத் தேவையில்லை.

சுருக்கமாக: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்து இடத்தைத் தீர்மானிக்காதீர்கள். எப்போது வருகிறது என்று கவனியுங்கள், அதற்குப் பிறகு கையால் ஆட்டிப் பாருங்கள். இந்த இரண்டு வழிதான் நம்பத் தகுந்தவை.

எப்போது வருகிறது?

பட்டறைக்குப் போகும் முன் ஒரு காலி மைதானத்திலோ, போக்குவரத்து இல்லாத ரோட்டிலோ வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு ‘டங்’, முன்னாலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரு ‘டங்’, ஓடும்போது காலை எடுத்து மிதித்தால் ஒரு ‘டங்’ என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராஸ். அதற்கு முன்பே, பல நாட்களாகவே, மெதுவாகப் போகும்போது சக்கரம் சுற்றுகிற கணக்கைவிட வேகமாக ‘கீச் கீச்’ என்று ஒரு சத்தம் வந்திருந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. காய்ந்துபோன கிராஸ் முதலில் கீச்சிடும், பிறகுதான் இடிக்கும். ஷாஃப்ட் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும், கிரவுன் விகிதம் 4 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் நாலு சுற்று. அதனால்தான் அந்தக் கீச்சொலி அவ்வளவு நெருக்கமாக வருகிறது.

பிரேக் பிடித்து வண்டி நின்ற பிறகு, ஒரு கணம் கழித்துப் பின்னாலிருந்து யாரோ இடித்தது மாதிரி ‘டொக்’ என்று வந்தாலோ, மறுபடி கிளம்பும்போது அதே போல வந்தாலோ, அது பெரும்பாலும் ஸ்லிப். ஷாஃப்டின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் வரிப்பற்களில் நுழைந்து, முன்னும் பின்னும் நழுவும்படி செய்திருப்பார்கள், அதுதான் ஸ்லிப். பட்டை, அதாவது பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், வளைந்து அச்சு ஏறி இறங்கும்போது கியர் பாக்ஸுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே உள்ள தூரம் கூடிக் குறையும், அதற்கு ஏற்ப ஷாஃப்ட் நீண்டு குறுக வேண்டும். வரிப்பற்களில் கிரீஸ் காய்ந்துவிட்டால் நழுவ வேண்டிய இடத்தில் சிக்கிக்கொண்டு, அழுத்தம் சேர்ந்ததும் திடீரென்று விடுபடும். அந்த விடுபடுதல்தான் ‘டொக்’. காலி வண்டியில் இல்லாமல் லோடு ஏற்றினால் மட்டும் வருவதும் உண்டு. இது கிரவுன் என்று சொல்லப்பட்டு, கடைசியில் கிரீஸ் அடித்ததும் போய்விடுகிற சத்தம். அப்படிப் போனால் வரிப்பற்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன என்று நிம்மதி கொள்ளலாம். கிரீஸ் அடித்து சில நாளில் திரும்ப வந்தால் பற்களே தேய்ந்திருக்கலாம்.

கிளம்பும்போது ஒரு நடுக்கம், கூடவே வண்டியின் நடு வயிற்றில் ‘டம் டம்’ என்று தட்டல், வேகம் எடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால் சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள். கிழிந்த ரப்பரில் ஷாஃப்ட் துள்ளி, தாங்குகிற சட்டத்தில் இடிக்கிறது.

தேனி ரோட்டில் ஊருக்கு ஊர் வேகத்தடை. அதில் ஏறி இறங்கும்போது மட்டும், ஆக்சிலேட்டரில் கால் அசையாமல் இருக்கும்போதே சத்தம் வந்தால் அது விசைப் பாதையில் இல்லை. பட்டை, பட்டையின் முனையில் இருக்கும் ஷேக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர் பக்கம் போங்கள். பிரேக்கில் கால் வைத்த கணத்தில் மட்டும் வந்து, மிதிக்காவிட்டால் வரவே இல்லை என்றால் பிரேக் பாகங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கிளம்பும்போது முன்னால், காலுக்கடியில் இடிக்கிறதா? எஞ்சின் மவுண்டிங் ரப்பர் அல்லது கியர் பாக்ஸ் மவுண்டிங். எஞ்சின் ஷாஃப்டை ஒரு பக்கம் முறுக்கும்போது தானும் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும், ரப்பர் கிழிந்திருந்தால் எழும்பி இடிக்கும்.

வண்டியை ஒருவர் மெதுவாக முன்னும் பின்னும் எடுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று செல்போனில் அடிப்பாகத்தை வீடியோ எடுத்தால் மிகவும் உதவும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

அடியில் போகும் முன்

இதை வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பிக்கப்பின் உயரத்துக்குப் பெரும்பாலும் தூக்காமலேயே எட்டும், அதனால் தூக்காதீர்கள். சமமான தரை, எஞ்சின் நிறுத்தி சாவி உங்கள் பையில், ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. அதற்குப் பிறகு கியரை நியூட்ரலில் வையுங்கள். ஓடி வந்த வண்டி என்றால் சைலன்சர் ஆறட்டும்.

பட்டறையிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழற்றிய பிறகு வண்டியைக் கியரில் விட்டாலும் அது வண்டியைப் பிடிக்காது, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இணைப்பே இல்லை. சரிவில் நிறுத்திக் கழற்றினால் உருண்டுவிடும்.

கையால் பார்ப்பது

நியூட்ரலில் ஷாஃப்ட் முறுக்கில்லாமல் தளர்வாக இருக்கும். பின் கிராஸுக்குப் பின்னால், ஹவுசிங்கோடு சேர்ந்த பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். மறு கையால் ஷாஃப்டைப் பிடித்து, இரண்டையும் எதிரெதிராகத் திருகுங்கள். பிறகு மேலும் கீழும் அசையுங்கள். இரண்டும் சேர்ந்து அசைந்தால் பரவாயில்லை. ஒன்று நிற்க மற்றொன்று அசைந்தால், எவ்வளவு சின்ன அசைவாக இருந்தாலும், கிராஸ் முடிந்தது. கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற முட்டுக்கு நடுவே ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இதே சோதனையை முன் கிராஸிலும், நடுவில் இருந்தால் அதிலும் செய்ய வேண்டும். பலரும் பின்னால் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

கப்புகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளே உருளைகள் துருப்பிடித்து அரைபட்டு வெளியே தள்ளிய பொடி. தரைப்பாலத்தில் ஓடும் தண்ணீரில் இறக்கி ஏற்றின வண்டி, அடிக்கடி வாட்டர் சர்வீஸ் செய்கிற வண்டி, இரண்டிலும் இது சீக்கிரம் வரும். அழுத்தத் தண்ணீர் கிரீஸைக் கழுவி உள்ளே ஈரத்தை விட்டுவிடும். அதனால் வாட்டர் சர்வீஸ் முடிந்த கையோடு கிரீஸ் அடிக்கச் சொல்வது நல்ல பழக்கம். கிராஸில் கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடிக்கும்போது நாலு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்று காய்ந்து கிடக்கிறது என்று பொருள், பின்னாளில் அங்கிருந்துதான் தேய்மானம் தொடங்கும். நிப்பிளே இல்லாமல் மூடி வரும் கிராஸ்களும் உண்டு, அவற்றுக்குக் கிரீஸ் அடிக்க வழியில்லை, ஆட்டம் வந்தால் மாற்றுவது மட்டும்தான்.

கிராஸ் ஆடுவது தெரிந்தும் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். கப் உடைந்து ஷாஃப்ட் கழன்றால் அடியில் இருக்கிற பிரேக் குழாயையும் டீசல் டேங்கையும் அடிக்கலாம். முன் முனை கழன்று தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும்.

ஸ்லிப்பில், உள்ளே போகும் பகுதியையும் வெளிப்பகுதியையும் பிடித்து எதிரெதிராகத் திருகியும், பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். மிகச் சிறிய திருகல் இருக்கலாம், மேலும் கீழும் ‘லொட லொட’ என்று ஆடக் கூடாது. சென்டர் பேரிங்கில் ரப்பர் விளிம்பு கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஷாஃப்டை மேலே தூக்கினால் தாராளமாக எழும்புகிறதா என்றும்.

இதுவரை: எதிரெதிராகத் திருகிப் பார்ப்பதுதான் முக்கியமான சோதனை. சேர்ந்து அசைவது பரவாயில்லை, தனித்து அசைவது தேய்மானம்.

பட்டையும் யூ போல்ட்டும்

பின் அச்சைப் பட்டைக் கட்டோடு இறுக்கிப் பிடித்திருப்பவை யூ போல்ட்டுகள். பட்டைக் கட்டின் நடுவில் ஊடுருவி, அச்சைச் சரியான இடத்தில் உட்கார வைப்பது சென்டர் போல்ட். மேலூர்ப் பக்கம் கல் ஏற்றுகிற வண்டிகளிலும், அளவுக்கு மேல் பாரம் ஏற்றும் எல்லா வண்டிகளிலும் இந்த யூ போல்ட்டுகள் தளரும். தளர்ந்தால் கிளம்பும்போது அச்சே கொஞ்சம் உருண்டு இடிக்கும், பிரேக் பிடித்தால் எதிர்ப்பக்கம் உருண்டு இடிக்கும். கேட்பதற்கு அப்படியே கிரவுன் சத்தம்.

கண்டுபிடிப்பது எளிது. யூ போல்ட் நட்டுக்கும் தட்டுக்கும் இடையே துருத் தூளோ, இரும்பு உரசிப் பளபளக்கும் தடமோ இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது. சென்டர் போல்ட் உடைந்திருந்தால் அச்சு ஒரு பக்கம் முன்னேயோ பின்னேயோ நகர்ந்திருக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை டேப்பில் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி வித்தியாசம் இருந்தால் வேறெதையும் பிரிக்கும் முன் பட்டைக் கட்டைப் பாருங்கள். யூ போல்ட்டுகளை ஒரே மூச்சில் ஒன்றை முழுதாக முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். புதிதாகப் பூட்டியபின் லோடு ஏற்றிச் சில நாள் ஓடியதும் ஒருமுறை திரும்ப இறுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த இரண்டாவது இறுக்கலைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

கிரவுன்தான் என்று எப்போது சொல்லலாம்

தேய்ந்த கிரவுன் பினியன் பெரும்பாலும் இடிப்பதைவிட அதிகமாக ‘ஊங்ங்’ என்று இழுக்கும். குறிப்பிட்ட வேகத்தில் எழும்பும், காலை எடுத்தால் சுருதி மாறும் அல்லது மறையும். ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் கியரிலேயே விட்டு இறங்கும்போது, சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிற நேரம் அது, பற்களின் மறுபக்கம் வேலை செய்யும். ஏற்றத்தில் ஒரு விதமாகவும் இறக்கத்தில் வேறு விதமாகவும் ஊங்காரம் கேட்டால் ஹவுசிங்கைச் சந்தேகப்படலாம். வெறும் ‘டங்’ மட்டும், ஊங்காரமே இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம்.

ஹவுசிங் பக்கத்து ஆட்டத்தை அளவிட ஒரு வழி உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் வைத்து, பினியன் முனையில் ஷாஃப்டைப் பூட்டும் வட்டத் தட்டான ஃபிளேஞ்சிலும் பக்கத்தில் அசையாத ஹவுசிங்கிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஷாஃப்டை இரண்டு பக்கமும் நிற்கும்வரை திருப்பி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபிளேஞ்சில் ஒரு டிகிரி ஆட்டம் விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். கிரவுன், உள்ளே இருக்கும் சின்னச் சக்கரங்கள், ஆக்சில் வரிப்பற்கள் எல்லாவற்றின் ஆட்டமும் சேர்ந்துதான் இங்கே தெரிகிறது, அதனால் ஓடிய வண்டியில் சில மில்லிமீட்டர் நகர்வதை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது. ஸ்டாண்டில் அதே மாடலில், ஏறக்குறைய அதே அளவு ஓடிய, சத்தமில்லாத வண்டி ஒன்று நிற்கும். அந்த அண்ணனிடம் கேட்டு அதிலும் இதே கோட்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் ஹவுசிங் பக்கம் போக வேண்டும்.

ஃபிளேஞ்ச் மேலும் கீழும் அசைந்தால் அது வேறு கதை. அங்கே சுற்று ஆட்டம் இருக்கலாம், மேல் கீழ் ஆட்டம் இருக்கவே கூடாது. பினியன் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது பினியன் நட் தளர்ந்திருக்கிறது. இதை அப்படியே ஓட்டினால் நல்ல கிரவுனும் நாசமாகும்.

ஹவுசிங் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பதும் நல்ல சாட்சி. வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் மாவு போல சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும், ஓடுகிற எந்த வண்டியிலும் அது இயல்பு. விரலில் உறுத்துகிற சில்லுகளோ, உடைந்த பல் துண்டோ கிடைத்தால் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தாலும் கிரவுனையே மாற்ற வேண்டும் என்றில்லை, உள்ளே சின்னச் சக்கரங்களுக்கு அடியில் இருக்கும் வாஷர்கள் தேய்ந்திருந்தாலும் இதே ‘டங்’ வரும். கிரவுன் பற்களைக் காட்டச் சொல்லுங்கள். வழவழவென்று ஒரே மாதிரி தடம் இருந்தால் ‘ஏன் மாத்தணும்ண்ணே?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

கியர் பாக்ஸ், கிளட்ச் பக்கத்து ஆட்டத்தைப் பார்க்க ஷாஃப்டைப் பின்னால் கழற்றி, கியரில் போட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். அது பட்டறை வேலை, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அங்கே போனால் போதும்.

மாற்றிய பிறகு

கிராஸ் மாற்ற ஷாஃப்டைக் கழற்றும்போது, கழற்றும் முன்பே ஃபிளேஞ்சிலும் ஷாஃப்டிலும், ஸ்லிப்பின் இரண்டு பகுதியிலும் பெயின்டாலோ, பஞ்ச் உளியால் தட்டியோ அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். இதைக் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். கோணத்தில் வேலை செய்யும் ஒரு கிராஸ் சுழற்சியை ஒரே சீராகக் கடத்தாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கொஞ்சம் வேகமாகவும் இரண்டு முறை கொஞ்சம் மெதுவாகவும் கடத்தும். முனையில் இருக்கிற இன்னொரு கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தை நேர்செய்யும்படி ஷாஃப்டின் இரண்டு முட்டும் ஒரே திசை பார்த்துப் பூட்டப்பட்டிருக்கும். ஸ்லிப்பை உருவிவிட்டு ஒரு பல் தள்ளிச் செருகினாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும். ‘டங்’ போய்விடும், பதிலுக்கு வேகம் எடுத்ததும் வண்டியின் தரை முழுக்க ஒரு அதிர்வு வரும், புது கிராஸும் சீக்கிரம் போகும்.

கிராஸ் மாற்றி ஓட்டிப் பார்த்ததும் முன்பு இல்லாத அதிர்வு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அடுத்த பொருளை மாற்றப் போகாமல் அந்த அடையாளங்கள் நேராக இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். ஷாஃப்டில் முன்பு ஒட்டியிருந்த பேலன்ஸ் தகடு விழுந்திருக்கிறதா, கப்பைப் பிடிக்கும் சர்க்ளிப் நாலும் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும். எல்லாம் சரியாக இருந்தால் லோடு ஏற்றி ஒரு நடை போய் வந்து, ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கிக்கொள்ளுங்கள்.